ஷெம்பிலு அச்சடித்த காங்கா

ஒரு ஊரிலே, டாங்கா துறைமுகத்துக்குத் தெற்கே என்றே வைத்துக்கொள்வோம், ஒரு கத்தாழை நார் மில். அதன் ஆபீஸ் வாசலில் வாய் ஓயாத ஒருவனும் வாயே திறக்காத ஒருத்தியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பாதுகாப்பு ஆபீசர் ஷெம்பிலு. அவள் மெஷினுக்குக் கத்தாழை போடும் ஸௌதா. இடது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது. தப்பு யாருடையது என்று உள்ளே விசாரணை. அவளைக் கூப்பிடுவதுதான் பாக்கி.

"...அதான் தங்கச்சி, நான் சொல்றத இங்க எவன் கேக்கறான்? ம்? போர்டு எழுதி மாட்டினேன். கழட்டி அதுமேல மன்டாஸி பணியாரம் வெச்சுத் தின்னானுங்க! மைக்குல பேசினேன், தூங்கினீங்க. சரி, பொம்பளைங்க எதத்தான் படிப்பாங்க? இடுப்புல கட்டற காங்காவ! ஓரத்துல என்ன வசனம்னு பாக்காம ஒருத்தியாவது துணி வாங்குவாளா? அதான் நானும் அச்சடிச்சேன், 'தொங்கற துணி ஆளை இழுக்கும்'னு. எப்படி! நடுவுல, பூ போடற எடத்துல, என் மூஞ்சி. ஏன், தலைவருங்களுக்குப் போடறதில்லையா?

அதையும் கெடுத்தீங்களே! நம்ம மில் ஸ்டோர்க்காரி அதக் கட்டிக்கிட்டு, புருஷன் வெச்சிருக்கறவ வீட்டு முன்னால போக வர நடந்தாளாம்! யார் ஆள யார் இழுக்கறதுன்னு தெருவே கூடிருச்சு... எதுக்கு அச்சடிச்சேன், எதுக்குக் கட்டறாங்க!

சரி விடு. பாதுகாப்பு நாளன்னிக்கு முதலாளி படம் எடுக்க வந்தார். எல்லாரும் கட்டிக்கிட்டு மெஷின்கிட்ட நில்லுங்கன்னேன். நின்ன மெஷின எவன் படம் எடுப்பான்? ஓட விடுன்னேன். துணிய இழுத்த செயின் உன் கையையும் சேத்து இழுத்தா, அது என் குத்தமா? துணியிலயே எழுதியிருக்கே! தொங்க விட்டது நீ!... தொங்க விட்டாத்தான் எழுத்துத் தெரியும்னு நான் சொன்னேன், சொன்னேன்தான். அது வேற.

நான் பேசிக்கிட்டிருக்கறப்ப நீ கை தூக்கினே, பாத்தேன். கேள்வியெல்லாம் கடைசியிலன்னேன். கடைசி வர்றதுக்குள்ள அவசரப்பட்டா மெஷின் என்ன பண்ணும்?

உள்ள போய் ஒரே வார்த்த சொல்லு: 'நான்தான் கவனிக்கலை'ன்னு. வேலைய விட்டு அனுப்புவாங்க, அனுப்பட்டுமே! உனக்கு மீன் விக்கத் தெரியும். எனக்குப் பேச மட்டும்தானம்மா தெரியும்! இந்தா, உனக்குன்னு புது காங்கா. இதுல மூஞ்சி இன்னும் பெருசு."

"ஸௌதா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் எழுந்தாள். புதுக் காங்காவைப் பெஞ்சிலேயே வைத்தாள். பையிலிருந்து பழையதை உருவி, ஒரு முனையைப் பல்லால் கடித்து, நல்ல கையால் தோளில் முடிந்துகொண்டாள். அதிலிருந்த ஷெம்பிலுவின் மூஞ்சியில் கண்ணும் காதும் இருந்த பக்கத்தை மெஷின் தின்றிருந்தது. வாய் மட்டும் மிச்சம்.

"ஐயோ, அதையா கட்டிக்கிட்டுப் போறே? தங்கச்சி! நில்லு, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்..."

ஷெம்பிலு பள்ளிக்கூடப் பையனைப்போலக் கையைத் தூக்கினான்.

அவள் திரும்பாமல் உள்ளே போனாள்.