நேர் வடக்கு

— இல்ல மதினி, அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. சூரியன் உதிக்கிற பக்கம் பாத்து நில்லுங்க.

— ஏம்புள்ள பக்ரு, சன்னல் இல்லாத ரூம்புக்குள்ள உக்காந்து நாலு மாசமாச்சு. சூரியன் இன்னும் உதிக்குதா, இல்ல அதையும் என் மாதிரி இத்தாவுல உக்கார வச்சுட்டாகளான்னே தெரியல. எந்தப் பக்கம்னு கண்டேன்?

— அடுப்படி இருக்குற பக்கம் கெழக்கு. ம், அப்புடித்தான். ரெண்டு கையையும் நீட்டுங்க. கவனிங்க. எதுத்தாப்புல கிழக்கு. முதுகுக்குப் பின்னால மேற்கு. இடது கை வடக்கு. வலது கை தெற்கு.

— கொல்லைப் பொம்மை மாதிரி நிக்கிறேன். உங்கம்மா பாத்தாகன்னா மருமகளுக்கு ஜின்னு புடிச்சிருச்சுன்னு தண்ணி ஓதிக் குடுத்துருவாக.

— அம்மா தர்காவுக்குப் போயிருக்காக. சிரிக்காதீக மதினி. நாளைக்கு டிரெயினிங் ஸ்கூல்ல இதைத்தான் நான் பாடம் நடத்திக் காட்டணும். இன்ஸ்பெக்டர் அம்மா வந்து பின்பெஞ்சுல உக்காந்துருவாக. நான் திக்குனேன்னா வாத்தியாரம்மா வேலை அம்புட்டுத்தான்.

— சரி, நடத்து. புருசன் செத்து நாலு மாசம் பத்து நாளு மறைஞ்சு உக்காரணும்னு விதிச்சவளுக்கு வேற என்ன சோலி? வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் அசரத்து வந்து துஆ ஓதி இத்தாவை முடிச்சு வச்சுட்டா, எங்கத்தா வந்து என்னைப் பழங்காநத்தத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. பெறகு ஆருக்கு நடத்துவ?

— ஷேக் தாவூது வீட்டுக்கு வந்து நடத்துவேன்.

— வாய மூடு புள்ள. செத்தது உன் கூடப்பொறந்தவரு. நீயே அந்தப் பேச்சை எடுக்குற?

— எடுத்தா என்ன? எங்க நைனாண்ணனோட நீங்க இருந்தது ஒரே ஒரு நோன்பு மாசம். ஆப்பிரிக்கா போறேன்னு கூட்டாளி பீரண்ணனோட கெளம்பிப் போனாரு. ரெண்டு வருசம் ஒரு சேதி கெடையாது. பெறகு பீரண்ணன் மட்டும் வந்து, உன் அண்ணனை அங்கயே அடக்கிட்டேன்னு வாசல்ல நின்னாரு. நான் அழுதது எனக்குத் தெரியும். அதுக்காக, உங்க அத்தா பாத்து வச்ச நிக்காஹை நீங்க வேணாம்னு சொல்லணுமா? ஷேக் தாவூது நல்ல மனுசர்னு ஊரே சொல்லுது.

— உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? ஆருகிட்டயும் சொன்னதில்ல. அவுக மொகம் எனக்கு மறந்து போச்சு. அழணும்னு கண்ணை மூடுவேன், மொகம் வராது. வாசல்ல அவுக கழட்டிப் போட்ட செருப்புதான் வரும். ஒண்ணு நேரா, ஒண்ணு கவுந்து. அதை நெனச்சுத்தான் இம்புட்டு நாளும் அழுதேன். செருப்புக்கு அழுத பொண்டாட்டி.

— மதினி...

— விடு. அந்தச் சுருளை விரி. என்ன அது?

— தேசப்படம். பள்ளிக்கூடத்துல இரவல் வாங்கினேன். தரையில விரிக்கிறேன், மிதிச்சுராதீக. தேசப்படத்துல மேல வடக்கு, கீழ தெற்கு. வலது பக்கம் கிழக்கு, இடது பக்கம் மேற்கு.

— எப்பவுமா?

— எப்பவும். ஆரு எங்க வச்சுப் பாத்தாலும்.

— மதுரை எங்க?

— இந்தா, இந்தப் புள்ளி.

— இம்புட்டுத்தானா? வைகை, மீனாட்சி கோயிலு, நம்ம கோரிப்பாளையம் தர்கா, நீ, நான், எல்லாரும் இந்தக் கடுகுக்குள்ளயா?

— அதுக்குப் பேருதான் அளவு. இதுல ஒரு அங்குலம்னா ஐந்நூறு மைல்.

— அவுக கெடக்குற எடத்தைக் காட்டு.

— இந்தா, ஆப்பிரிக்காக் கரையில. மொம்பாசா.

— ஒரு சாண் கூட இல்லையே புள்ள. இதுக்கா கப்பலு, கண்ணீரு, எல்லாம்? இரு, அந்த எடத்துல விரலை வச்சுக்கிறேன். கபுரைப் போய்ப் பாக்க எனக்கு வேற வழி ஏது? மக்கா எங்க இருக்கு?

— இங்க, செங்கடல் ஓரத்துல. மதுரையில இருந்து பாத்தா மேக்க, கொஞ்சம் வடக்க சாஞ்சு. அதான் நாம மேக்க பாத்துத் தொழுறோம், மையித்தையும் மேக்க பாத்துத்தான் அடக்குறோம்.

— மொம்பாசாவுல இருந்து பாத்தா?

— அங்க இருந்து பாத்தா... நேரா...

— ஏன் நிறுத்திட்ட?

— நேரா மேல இருக்கு மதினி.

— மேலன்னா வடக்குன்னு இப்பத்தான சொன்ன?

— ஆமா. நேர் வடக்கு.

— பக்ரு. பீரண்ணன் வாசல்ல நின்னு என்ன சொன்னாரு?

— நானே கபுருக்குள்ள எறங்கி, என் கையாலயே மொகத்தை மேக்க திருப்பி வச்சேன்னாரு.

— யா அல்லா! ஏ புள்ள, மேக்கதான கிப்லா? உலகத்துக்கே மேக்கதான?

— இல்ல மதினி. மக்காங்கிறது ஒரு ஊரு. மேக்குங்கிறது ஒரு திசை. ரெண்டும் ஒண்ணு இல்ல. மக்காவுக்கு அங்கிட்டு இருக்குறவுக கெழக்க பாத்துத் தொழுவாக, தெக்க இருக்குறவுக வடக்க பாப்பாக. நாம எங்க நிக்கிறோமோ அதைப் பொறுத்தது. இதை நான் படிச்சிருக்கேன். படிச்சும், அந்தக் கபுரை நெனச்சுப் பாக்கவே இல்ல.

— அப்ப அவுகளைக் காபா பக்கம் பாக்க விடாம காட்டுப் பக்கம் திருப்பி வச்சுட்டாக. கியாமத்து நாள்ல எழுப்புற வரைக்கும் அப்புடியே கெடக்கணுமா? என்னாலதான். மொகத்தை மறந்தேன்ல? அதான் அவுக மொகமும் தப்பாத் திரும்பிப் போச்சு.

— மதினி, நெஞ்சுல அடிக்காதீக. கையை எடுங்க. ஒரு நிமிசம், எனக்கு வேற ஒண்ணு தோணுது. நம்ம ஊருல கபுரை எப்புடி வெட்டுவாக?

— தெக்கு வடக்கா.

— ஏன்? அப்பத்தான் மையித்தை மேக்க பாத்து ஒருக்களிக்க முடியும். மொம்பாசாவுல கிப்லா வடக்க இருந்தா, குழியைக் கெழக்கு மேக்காத்தான வெட்டுவாக? அரபிக்காரவுக காலங்காலமா இருக்குற ஊரு அது. குழி வெட்டுறவனுக்குத் தெரியாதா? அந்தக் குழிக்குள்ள எறங்கினவரு மேக்க மொகத்தைத் திருப்பணும்னு நெனச்சாலும் முடியாது. குழி விடாது.

— என்ன சொல்ற நீ?

— இன்னும் என்ன சொன்னாரு பீரண்ணன்? அடக்கி முடிச்ச நேரம்?

— மண்ணைத் தள்ளிட்டு நிமுந்தேன், சூரியன் கடலுக்குள்ள எறங்குது, தண்ணியே ரத்தமாக் கெடந்துச்சுன்னாரு. அதைக் கேட்டுத்தான தெருவே அழுதுச்சு.

— விரலை எடுத்துட்டுப் பாருங்க. மொம்பாசாவுக்குக் கடல் எந்தப் பக்கம்?

— இந்தப் பக்கம். வலது பக்கம்.

— வலதுன்னா?

— கெழக்கு. கெழக்க எப்புடிடி சூரியன் அடையும்?

— அடையாது மதினி.

— நிறுத்து. நீ என்ன நெனைக்கிறியோ அதை வாய் விட்டுச் சொல்லிராத. சொல்லிராத புள்ள.

— பக்ரும்மா! வீட்டுல ஆரும் இருக்கீகளா?

— மதினி, பீரண்ணன் குரலு.

— திரையை இழுத்து விடு. நான் உள்ளயே இருக்கேன். கோவப்படாமக் கேளு.

— வாங்கண்ணே. அம்மா தர்காவுக்குப் போயிருக்காக.

— உக்கார நேரமில்லம்மா, இப்பத்தான் பஸ்ஸை விட்டு எறங்கினேன். அசரத்துகிட்டச் சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுட்டு நேரா இங்கதான் வாராரு. தங்கச்சி ஜெயினம்புக்கு நல்லபடியா இத்தா முடியணும், நல்ல எடத்துல வாக்கப்படணும். என்ன நான் சொல்றது?

— சரித்தாண்ணே. நாளைக்கு நான் மொம்பாசாவைப் பத்திப் பாடம் எடுக்கணும். நீங்க அங்க இருந்தவுக. அந்த ஊருப் பள்ளிவாசல் எப்புடி இருக்கும்?

— பெருசு. நம்ம பள்ளி மாதிரி நாலு பள்ளி வைக்கலாம்.

— எந்தப் பக்கம் பாத்துத் தொழுவாக?

— வாத்தியாரம்மா கேக்குற கேள்வியா இது? மேக்கதான். துனியா பூரா மேக்கதான். என்ன நான் சொல்றது?

— கடலு எந்தப் பக்கம்?

— அதுவும் மேக்கதான். பள்ளிக்கு முன்னாலயே கடலு. சாயந்தரமானா சூரியன் தண்ணிக்குள்ள போறதைப் பாக்கணுமே! கொச்சியில அதைப் பாக்கவே...

— கொச்சியிலயா?

— மொம்பாசாவுலன்னேன்.

— கொச்சின்னீகண்ணே. இந்தா, இந்தப் படத்தைப் பாருங்க. மொம்பாசாவுக்குக் கடலு கெழக்க இருக்கு. மக்கா நேர் வடக்க இருக்கு.

— படம் போட்டவன் மொம்பாசாவைப் பாத்தானா?

— நீங்க பாத்தீகளா?

— என்னம்மா இது, பெரிய மனுசன்னு ஒரு மருவாதி இல்லாம...

— அண்ணே, நான் ஜெயினம்பு பேசுறேன்.

— தங்கச்சி! நீ இத்தாவுல இருக்குறவ. வேத்து ஆம்பளைகிட்டப் பேசக் கூடாது.

— ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அவுக இன்னிக்குச் சாப்புட்டாகளா?

— ஆரு?

— அவுகதான். சாப்புட்டாகளா?

— இதென்ன... செத்தவனைப் பத்தி...

— அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க.

— தாயி, ஆணையெல்லாம் போடாத.

— சொல்லுங்கண்ணே.

— சாப்புட்டான். மத்தியானம் என்னோடதான் சாப்புட்டான்.

— பீரண்ணே! எங்கண்ணன் உசுரோடயா இருக்காரு? இன்னிக்கு மத்தியானமா? உங்களோடயா? எங்கம்மா இப்ப தர்காவுல அவருக்கு ஃபாத்திஹா ஓதிக்கிட்டு இருக்காக!

— கத்தாத பக்ரு, தெருவுல ஆளு போகுது. நாங்க கப்பலே ஏறல. கொச்சியோட சரி. ஒச்சாயின்னு ஒரு பொண்ணு, நம்ம மார்க்கம் இல்ல. வயக்காட்டுல நடவுக்கும் அறுப்புக்கும் போறவ. உங்க அத்தா இந்தக் கலியாணத்தைப் பேசுறதுக்கு முன்னாலயே அவனுக்கு அவதான். வெளியில தெரிஞ்சா ரெண்டு சனமும் சேந்து வெட்டிப் போட்டுரும்னு கொச்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். துணைக்கு நான். இப்ப கைப்புள்ளையோட திரும்பி வந்து, பேரை மாத்திக்கிட்டு ஒரு தென்னந்தோப்புக்குக் காவலா இருக்கான்.

— எனக்குத் தலாக்குச் சொல்லி விட்டிருக்கலாமேண்ணே.

— தலாக்குன்னா ஜமாத்துக்கு முன்னால வந்து நிக்கணும். ஏன், எதுக்கு, எங்க இருந்தன்னு கேப்பாக. செத்தவனை ஆரும் ஏன்னு கேக்க மாட்டாக. உனக்கும் அதுதான் நல்லதுன்னான். தலாக்கு வாங்கினவன்னு பேரு வராது, வேற எடத்துல வாக்கப்பட்டு நல்லா இருப்பன்னான். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. என்ன நான்...

— அந்தச் சொல்லைச் சொல்லாதீகண்ணே. இனிமே என்கிட்ட அதைச் சொல்லாதீக. கட்டின புருசன் உசுரோட இருக்க என்னை இன்னொருத்தருக்கு நிக்காஹ் பண்ணி வைக்கப் பாத்தீக. சாவுற வரைக்கும் நான் தெரியாமலே ஹராம்ல கெடந்திருப்பேன். பொறக்குற புள்ளைகளுக்கு என்ன பேரு? ஷேக் தாவூது உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாரு?

— அதை நான் நெனைக்கல தாயி. மொகத்தை எங்க வச்சுக்குவேன்? உண்மையிலேயே நெனைக்கல.

— எங்க இருக்கு அந்தத் தோப்பு?

— அது எதுக்கு இப்ப?

— எங்க இருக்குண்ணே?

— வாடிப்பட்டி.

— வாடிப்பட்டியா! நம்ம திண்டுக்கல் ரோட்டு வாடிப்பட்டியா?

— ஆமா பக்ரு.

— புள்ள, இந்தப் படத்துல வாடிப்பட்டி எங்க இருக்கு?

— இதுல கெடையாது மதினி. மதுரைக்கு வச்ச புள்ளிக்குள்ளயே அடங்கிப் போச்சு.

— பாத்தியா. நாலு மாசமா ஆப்பிரிக்காவுக்கு துஆ அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன். மனுசன் நான் உக்காந்திருக்குற புள்ளிக்குள்ளயே இருந்திருக்காரு. அந்தத் திரையைத் தூக்கு.

— மதினி, பீரண்ணன் நிக்கிறாரு!

— நிக்கட்டும். என்னைக் கூட்டிட்டுப் போகப் போறது அவருதான். அண்ணே, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னது போதும். போயி அசரத்தைக் கூட்டிட்டு வாங்க, சாட்சிக்கு இன்னொருத்தரும் வரட்டும். பொழுது அடையிறதுக்குள்ள திண்டுக்கல் பஸ்ஸுல ஏறணும். அவுக வாயால எனக்குத் தலாக்கு வேணும்.

— தலாக்கு வாங்கிட்டு வந்தாலும் முதல்ல இருந்து மறுபடியும் இத்தா இருக்கணுமே மதினி. இதே ரூம்புல.

— உக்காருறேன் புள்ள. இந்தத் தடவை மொகத்தை நல்லாப் பாத்துட்டு வந்து உக்காருறேன்.