திமில் இல்லாத தேசம்

— "ஒரு நாட்டின் ஆன்மா அதன் மாடுகளின் திமிலில் குடியிருக்கிறது." இப்படி ஆரம்பிக்கிறேன். கேக்குறியா?

— என் தம்பி அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஐஸ் பெட்டியில குடியிருக்கான். கேக்குறேன், சொல்லுங்க.

— இப்படிப் பேசாதே. பேரவைக்கு இரங்கல் செய்தி இப்பவே போயாகணும். தலைவர் வாயிலிருந்து முதல்ல வரணும். கொஞ்சம் அசந்தா செயலாளர் முந்திக்குவான். "நாட்டு மாட்டுப் பாதுகாப்புப் பேரவையின் தூணாக விளங்கிய என் அருமை மைத்துனர்..."

— எது, தூணா? உங்க கொட்டகையில சாணி அள்ளினவன் அவன். ரெண்டு மாட்டுக்கும் தண்ணி காட்டினவன் அவன். மேடையில நீங்க மாலையோட நிப்பீங்க, மாட்டைப் பிடிச்சுக்கிட்டு அவன் நிப்பான். பேப்பர்ல படம் வரும்போது கயிறும் அவன் கையும் மட்டும் இருக்கும்.

— கை வந்துச்சுல்ல?

— வந்துச்சு. மோதிரத்தை வச்சு அடையாளம் கண்டுபிடிச்சோம். இன்னைக்கும் அப்படித்தான் கண்டுபிடிச்சேன், உள்ளே போயி.

— சரி, அழுவாதே. குறுக்கேயும் பேசாதே. "அயல் மண்ணில், மதம் கொண்ட மாபெரும் காளையின் முன்னே நெஞ்சு நிமிர்த்தி நின்று, வீர மரணத்தைத் தழுவினார்."

— நீங்க பார்த்தீங்களா?

— பார்த்தேன். இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். அந்தக் கொடுமையை எப்படி வாயால சொல்லுவேன்?

— எழுதுறதுக்கு மட்டும் வருதாக்கும். சுத்திப் பார்க்கத்தானே வந்தோம்? பஸ்ஸுல வந்தவங்க எல்லாம் மலை பார்த்தாங்க, ஏரி பார்த்தாங்க. நீங்க மாடு பார்த்தீங்க. டிரைவர்கிட்ட மைக்கைப் பிடுங்கி, "வலப்பக்கம் பாருங்க, சிவப்பு உடம்பு, வெள்ளை மூஞ்சி. இடப்பக்கம் கொம்பே முளைக்காத கறுப்பு. அதோ, கண்ணை மறைக்குற அளவுக்கு மயிர் வளர்த்த இனம். ஒண்ணுக்காவது திமில் இருக்கா? திமில் இல்லாத மாடு முதுகெலும்பு இல்லாத மனுஷன்"னீங்க. முன் சீட்டு அம்மா காதுல பஞ்சை வச்சுக்கிட்டா.

— அவளுக்கு ஞானம் அவ்வளவுதான்.

— அதுவும் போதலை. இன்னைக்குக் காலையில எல்லாரும் மியூசியம் போறப்ப, வாடகைக் காரை எடுத்துக்கிட்டு, ஓட்டுறதுக்கு அவனையும் இழுத்துக்கிட்டுப் போனீங்க. "அக்கா, மியூசியத்துல பழைய ரயில் இன்ஜின் ஒண்ணு நிக்குதாம், அதை மட்டும் பார்க்கணும்"னு ஆசையாச் சொல்லிக்கிட்டு இருந்தான்.

— இன்ஜின் எங்கே போயிடப் போகுதுன்னு நினைச்சேன்.

— ஆமா, அது எங்கேயும் போகலை.

— உன் போன் அடிக்குது பாரு. உன் தம்பி பொண்டாட்டி.

— தெரியுது. எடுக்கலை. எடுத்தா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. செத்துட்டான்னு சொன்னப்ப அவ அழக்கூட இல்லைங்க. "அண்ணி, கடைசியா என்ன சொன்னார்?"னு கேட்டா. பக்கத்துல இருந்தவர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னு வச்சுட்டேன். இப்ப சொல்லுங்க. என்ன சொன்னான்?

— அதைத்தான் கடைசிப் பத்தியா வச்சிருக்கேன். படிக்கிறேன், கேளு. "ரத்த வெள்ளத்தில் கிடந்தபடியே அவர் என்னை நோக்கிச் சொன்னார்: அத்தான், நான் போனாலும் பரவாயில்லை, நம் நாட்டு மாடுகளைக் கைவிட்டுவிடாதீர்கள்."

— என் தம்பியா சொன்னான்?

— சாட்சாத் உன் தம்பிதான்.

— சோத்துல கல்லு கிடந்தா சத்தம் போடாம எடுத்துத் தட்டு ஓரமா வச்சுட்டுச் சாப்பிடுறவன் அவன். பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேட்டதுக்கே "ம்"னு சொன்னவன். சாகுறப்ப மட்டும் செந்தமிழ்ல பேசினானா?

— மரணம் மனுஷனை உசத்தும்.

— உங்களைத்தான் உசத்துது. அவனுக்கு ஒரு வார்த்தை குடுக்கணும்னா அவனோட வார்த்தையைக் குடுங்க. அவளை ஏமாத்தலாம்னு நினைக்காதீங்க, இதைக் கேட்டவுடனே "இது அவர் இல்லை, அண்ணி"ன்னுடுவா.

— சார்... மேடம்... உள்ளே வரலாமா?

— வாங்க கைடு. பஸ்காரங்களை எல்லாம் எங்கே விட்டுட்டு வந்தீங்க?

— அவங்க ஹோட்டலுக்குப் போயாச்சு மேடம். நான் போலீஸ்ல இருந்து வர்றேன். இந்த ஊர் பாஷை உங்களுக்குத் தெரியாதுன்னு, என்னையே விசாரிச்சுச் சொல்லச் சொன்னாங்க. பண்ணைக்காரரும் கூட வந்திருக்கார். கண் கலங்கி வாசல்லயே நிக்கிறார், பாவம்.

— கலங்கட்டும்! கொலைகாரக் காளையை அவிழ்த்து விட்டுட்டு இப்ப என்ன கண்ணீர் வேண்டிக்கிடக்கு?

— காளை இல்லை சார். பசு. இன்னைக்கு விடிகாலையில கன்னு போட்ட பசு.

— பசுவா?

— அந்த மேய்ச்சல்ல காளையே கிடையாதாம் மேடம்.

— ஏங்க, மாபெரும் காளைன்னு எழுதியிருக்கீங்க?

— உருவத்தை வச்சுச் சொன்னேன். இந்த ஊர்ப் பசு நம்ம ஊர்க் காளை மாதிரி மொத்தமா இருக்கு. கொம்பும் இல்லை, திமிலும் இல்லை. எதை வச்சு அடையாளம் சொல்றது?

— ஊர் ஊராப் போயி மாட்டைப் பத்திப் பேசுறவர், ஒரு தடவை குனிஞ்சு மடியைப் பார்த்திருக்கலாம்.

— பசுன்னு தெரிஞ்சிருந்தாலும் ஆபத்துதான் மேடம். இங்கே இதெல்லாம் கறிக்கு வளர்க்குற மாடு. கயிறே கிடையாது, மனுஷன் கை படாமலே வளரும். கன்னு போட்ட பசு நின்னா பண்ணைக்காரரே வண்டியை விட்டு இறங்க மாட்டாராம்.

— அது அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு மாடுன்னாலே கட்டித்தான் கிடக்கும். மூக்குல கயிறு, கழுத்துல கயிறு. முதுகைத் தட்டினா நகர்ந்து வழி விடும். ஏங்க, யார் அவனை வேலிக்குள்ளே போகச் சொன்னது?

— ஆர்வம்தான், வேற என்ன? கன்னு நெத்தியில பிறை நிலா மாதிரி ஒரு வெள்ளை. அபூர்வமான லட்சணம்...

— அவன் இன்ஜின் பார்க்கணும்னவன். யார் போகச் சொன்னது?

— மாநாட்டு பேனருக்கு ஒரு படம் வேணும்னேன். அயல்நாட்டுக் கன்றைக் கையில் ஏந்திய தலைவர். எல்லா உயிரும் ஒண்ணுங்கிற தத்துவம். நானே உள்ளே போயிருப்பேன்...

— நீங்களா? வீட்டுல கட்டிக் கிடக்குற பசு வாலை ஆட்டினாலே படியேறிப் போயிக் கதவைச் சாத்திக்கிறவர்.

— கைடு முன்னால இதெல்லாம் எதுக்கு இப்ப?

— நான் காதுல வாங்கலை சார். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். பண்ணைக்காரருக்கும் அதுதான் புரியலையாம். அந்தக் கன்னுக்குட்டி உங்க காரோட பின் சீட்டுக்கு எப்படி வந்துச்சு?

— ஏங்க, கைடு கேக்குறார்.

— வேலிக்கு மேலே தூக்கிக் குடுத்தான். வாங்கினேன். மேல ஈரம்கூடக் காயலை, கையில வழுக்குது. அதுக்குள்ளே அது கத்திருச்சு. தாய் வந்துருச்சு.

— கன்னைத் திருப்பி உள்ளே விட்டிருந்தா தாய் அதுகிட்டப் போயிருக்கும் சார். பண்ணைக்காரர் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழறார்.

— தோணலையேப்பா.

— வேற என்ன தோணுச்சு?

— ஓடணும்னு தோணுச்சு. கையில என்ன இருக்குன்னே மறந்து போச்சு. கார்ல ஏறிக் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம்தான் மடியில கன்னு கிடக்குறது தெரிஞ்சுது.

— என் தம்பி?

— வேலியில ஏறினான். பசு முட்டித் தள்ளிருச்சு. மறுபடியும் ஏறினான். அப்புறம் ஏறலை.

— கன்னை மடியில வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க.

— பார்த்தேன்னுதான் அப்பவே சொன்னேனே.

— சார், தண்ணி ஏதாவது கொண்டு வரட்டுமா? மேடம், உங்களுக்கு?

— எனக்கு ஒண்ணும் வேணாம் கைடு. நீங்க போயி அந்தப் பண்ணைக்காரரை உக்காரச் சொல்லுங்க. அவர் மேல தப்பு இல்லைன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.

— சரி மேடம்.

— மறுபடியும் அவதான் அடிக்கிறா. இந்தாங்க, நீங்களே எடுத்துப் பேசுங்க. பேரவை வேணாம், தத்துவம் வேணாம். அவன் சொன்னது என்னவோ அதை மட்டும் அவகிட்டச் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும். உங்களைத் திட்டியிருந்தாலும் சரிதான், அதை வச்சுக்கிட்டு அவ காலத்தை ஓட்டிருவா.

— என்னைப் பார்த்துத்தான் ஏதோ சொன்னான். வாய் அசைஞ்சுது.

— என்ன சொன்னான்?

— கேக்கலை. குளிருதுன்னு கார் கண்ணாடியை ஏத்தி வச்சிருந்தேன்.