நூறில் எட்டு

மைக்கில் சத்தம் கம்மியாக இருந்தால் முதலில் ஒயரைப் பாருங்கள். அடுத்து, கம்ப்யூட்டர் எந்த மைக்கை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக செட்டிங்கில் மைக் அளவு. வெள்ளிமலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போட்டோ எடுக்க வருகிறவர்களைச் சிரிக்க வைக்க நான் மெனக்கெடுவதில்லை. என் மூஞ்சியே போதும்.

என் மகள் நர்மதாவின் குரல் மலைக்கே தெரியும். சாமைக் கொல்லையிலிருந்து கூப்பிட்டால் ரோட்டில் போகிற ஜீப் நிற்கும். "உங்க பொண்ண ஏத்திக்கினு போனா ஹாரனே வாணாண்ணா" என்பான் டிரைவர் தங்கதுரை.

அந்தக் குரலை நம்பித்தான் சென்னையில் வேலைக்கு எழுதிப் போட்டாள். நாள் முழுக்க போனில் பேசும் வேலை. இன்டர்வியூ வீடியோ காலில், என் கடையிலேயே. என் மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இவளும் பஸ் ஏறிவிட்டால் என் ஜோக்குக்குச் சுவர்தான் சிரிக்க வேண்டும். அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது மைக் அளவை நூறிலிருந்து எட்டுக்கு இறக்கினேன்.

"கேக்கலம்மா, சத்தமா பேசுங்க" என்றார்கள். கத்தினாள். நான் ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எனக்கு வேர்த்துக்கூட விட்டது. நான்கு கம்பெனிகள். நான்கு தடவையும் எட்டுதான்.

"இன்னாப்பா, எனக்குத் தொண்டையில எதனா கோளாறா?"

"மிஷின் நல்லாத்தாம்மா கீது" என்றேன். அதில் பொய் இல்லை.

கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்டபோது, ஒன்றுமே இல்லை என்றார் டாக்டர். வெளியே வந்து, "கொரலே வீக்காம்மா, ஜாஸ்தி பேசக் கூடாதாம்" என்றேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து குறைத்துக்கொண்டாள். முதலில் கொல்லையிலிருந்து கூப்பிடுவது நின்றது. பிறகு வீட்டுக்குள் அப்பா என்பதும் நின்றது. சோறு போட்டுவிட்டு என் தட்டைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். ஜெராக்ஸ் மிஷின் ஓடும்போதும் அந்தச் சத்தம் காதில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால் கடையில் யாரும் இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. போன வாரம் நானே இன்னொரு கம்பெனிக்கு அவள் பெயரில் எழுதிப் போட்டு, அளவை நூறில் வைத்து, அவளை உட்காரவைத்தேன். "பேசும்மா" என்றேன். உதடு அசைந்தது. திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு அசையவில்லை. எல்லா செட்டிங்கையும் அரை மணி நேரம் பார்த்துவிட்டேன்.

மைக் போய்விட்டது, அவ்வளவுதான். நாளைக்கு டவுனில் நல்லதாக ஒன்று வாங்கி வரப்போகிறேன்.