பிறக்க முன்னம் கிடைத்த நற்சான்று

சுன்னாகம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர், கழுத்தில் ஒரே கம்பனியின் அட்டை. இளையவர்தான் தொடங்கினார்.

“அது பிறக்க முன்னமே ஏஐ அதுக்கு நற்சான்று குடுத்திட்டுது, அண்ணை.”

“விளங்கச் சொல்லு.”

“வேலைக்கு ஒரு மென்பொருள் பக்கேஜ் கேட்டன். ஏஐ ஒரு பேர் சொன்னது. அப்பிடியொண்டு முந்தி உலகத்திலையே இருக்கேல்லையாம். ஏஐ உந்தப் பேரை எல்லாருக்கும் சொல்லுது எண்டு கண்டிட்டு, ஆரோ ஒரு கள்ளன் போன கிழமை அதே பேரிலை களவெடுக்கிற பக்கேஜ் ஒண்டைச் செய்து வைச்சிட்டான்.”

“நீயும் இறக்கிப் போட்டிட்டாய். கம்பனியின்ரை பாஸ்வேட் எல்லாம் அவனிட்டைப் போச்சு. போட முன்னம் ஆரிட்டையும் விசாரிக்கேல்லையோ?”

“ஏஐயிட்டைக் கேட்டனான். ‘நல்ல கேள்வி, பயப்பிடாதேங்கோ’ எண்டது.”

“தங்கச்சிக்கு மாப்பிளை பாக்கேக்கை கனடாவுக்கு நாலு கோல் எடுத்து விசாரிச்சனீ. மாப்பிளையிட்டையே கேட்டிருக்கலாமே?”

இளையவர் கழுத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகினார்.

“சரி, இப்ப அதை அழிக்க என்ன வழி?”

“அழிக்கிறதுக்கெண்டே இன்னொரு பக்கேஜ் இருக்காம், அண்ணை.”

“ஆர் சொன்னது?”

இளையவர் எழும்பி மணியை அடித்தார். சுன்னாகம் இன்னும் வரவில்லை.