அரைக்கால் அங்குலம்

பெரும்பாலான தையல்காரிகள் கோட்டு தைக்கும்போது இடுப்பில் தொடங்குவார்கள். நான் தோளில் தொடங்குவேன். தோள் சரியாக உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் தயவில் தானாகத் தொங்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆர்டிஸ் டாலெஃப்சன் வேலையில் அலட்சியமானவள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். மற்றதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நாற்காலி வேண்டாம், ஊசி கிடக்கும். இதில் உட்காருங்கள்.

எனக்கு அறுபத்து மூன்று வயது. எல்ம் ப்ரெய்ரி ஊரில் பாதி மணப்பெண்கள் நான் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் அழுதிருக்கிறார்கள். இறந்துபோன கொரின் என் தங்கை. என்னைவிட நான்கு வயது சின்னவள், ஆறு சைஸ் சின்னவள். இதில் இரண்டாவதைத்தான் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஏப்ரலில், வாசலில் பனி இன்னும் அழுக்காகக் குவிந்து கிடந்தபோது, அவள் ஒரு துணியோடு வந்தாள். மகள் பிரிட்டாவுக்கு அக்டோபரில் கல்யாணம். அந்த மாதம் மினசோட்டாவில் தேவாலய வாசலில் நின்றால் குளிரும். ஆனால் கனத்த கோட்டைப் போட்டால் போட்டோவில் உடம்பு தெரியாது. குளிரும் தாங்க வேண்டும், உடம்பும் தெரிய வேண்டும். அதனால் இலேசான கோட்டு.

துணியைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா போனபோது வாங்கியது. கம்பளியும் பட்டும் கலந்த நெசவு, மழையில் நனைந்த கற்பலகை நிறம். கோட்டு முழுவதும் தைத்து முடித்தாலும் ஒரு ராத்தல் தேறாது. மூன்று கெஜம்தான் இருந்தது. நெய்த ஆலையை மூடிவிட்டார்களாம், இனிக் கிடைக்காது. அந்தத் துணிக்கு ஒரு விசேஷம் உண்டு. வெறும் பட்டிலோ தோலிலோ தையலைப் பிரித்தால் ஊசித்துளை சாகும்வரை தெரியும். இதில் இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் கொஞ்சம் காட்டினால் போதும், துளைகள் மூடிக்கொள்ளும். முன்பு அங்கே தையல் இருந்தது என்று ஆண்டவரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் காகிதத்தை அவள் உடம்புக்குத் தக்கபடி திருத்தினேன். கொரினுக்கு வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறக்கம். மேல்முதுகில் ஒரு வளைவு. இரண்டும் அவளுக்குத் தெரியாது; நானும் சொன்னதில்லை. அதுதான் எங்கள் தொழிலின் நாகரிகம். உள்ளே ஒரு அங்குலத்துக்கு மேல் துணி விட்டு வெட்டினேன். நல்ல தையல்காரி அப்படித்தான் செய்வாள். அதில் திட்டம் எதுவும் இல்லை, அப்போது.

நூலகத்தின் அடித்தளத்தில் புதன்கிழமைதோறும் எங்கள் தையல் குழு கூடும். அன்றைக்குப் பத்துப் பெண்கள் இருந்தார்கள். கொரின் அந்தக் காகிதத்தைத் தன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"ஏய் ஆர்டிஸ், தப்பித்தவறி உன் அளவுல வெட்டிடாத. கல்யாணத்துக்கு வர்றவங்க பந்தல்னு நெனச்சு உள்ள வந்து உக்காந்துருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

இதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். இதைவிட நல்ல நகைச்சுவையெல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள். என் கணவரை அடக்கம் செய்த அன்று, தேவாலயத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டைப் பார்த்துவிட்டு, "துக்கத்துல எல்லாரும் இளைச்சுப் போவாங்க. உனக்கு மட்டும் எப்படி அக்கா சதை போடுது?" என்றாள். அக்கா என்று கூப்பிட்டால் அடுத்து ஊசி வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை. பார்த்தீர்களா, எனக்குப் பொறுமை உண்டு.

மே மாதம் முதல் முறை போட்டுப் பார்த்தாள். அச்சில் வார்த்தது போல இருந்தது. கண்ணாடி முன் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"நல்லாத்தான் இருக்கு. என் உடம்பு அப்படி. கோணியத் தச்சுக் குடுத்தாலும் எடுப்பா இருக்கும்."

மறுநாள் காலை காபி போடுவதற்கு முன்பே பக்கத் தையல் இரண்டையும் முதுகுத் தையலையும் பிரித்தேன். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் அரைக்கால் அங்குலம் பிடித்துத் தைத்தேன். ஆறு அரைக்கால் சேர்ந்தால் முக்கால் அங்குலம். ஆவி காட்டினேன். என் எண்ணமெல்லாம், அவளுக்கு ஒரே ஒரு நாள் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். ஒரு நாள். அதற்குப் பெயர் கல்வி.

ஜூனில் வந்தாள். பட்டன் போட்டதும் துணி வயிற்றில் இழுத்துக்கொண்டு நின்றது.

"போன தடவ இப்படி இல்லையே?"

"அதே கோட்டுதான்டி."

"துணி சுருங்கியிருக்குமோ?"

"சுருங்க வேண்டியதெல்லாம் வெட்டுறதுக்கு முன்னாடியே சுருங்கியாச்சு."

"எடை மெஷின்ல ஒண்ணும் ஏறலையே ஆர்டிஸ்."

"எடை ஏறாது. இந்த வயசுல சதை எடம் மாறும். மனச விடாத, எல்லாருக்கும் வர்றதுதான்."

எல்லாருக்கும் வர்றதுதான். இந்த இரண்டு சொற்களை அவளிடம் சொல்ல நான் ஐம்பது வருடம் காத்திருந்திருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ரூபார்ப் கேக் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். பிறந்ததிலிருந்து முதல் முறையாக என் தங்கை தட்டைத் தள்ளி வைத்தாள்.

அன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் புதன்கிழமைக் குழுவில் அவள் யாரையும் கேலி செய்யாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பத்துப் பெண்களும் அமைதியாகத் தைத்தோம். அப்படி ஒரு நல்ல காலைப்பொழுது அந்த அடித்தளத்தில் வந்ததே இல்லை.

பிறகு அவள் இளைக்கத் தொடங்கினாள். அதில் ஒரு சிக்கல். கோட்டு இறுக்கமாகவே இருக்க வேண்டுமானால், அவள் குறையக் குறைய நானும் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அவளுக்குப் பட்டினி, எனக்கு இரட்டை வேலை. யாருக்குச் சிரமம் அதிகம் என்று சொல்வது கடினம்.

ஆகஸ்டில் அவள் கணவர் டுவெயின் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு கதவோரமே நின்றார்.

"மத்தியானம் வெறும் ஐஸ்கட்டிய மென்னுக்கிட்டு உக்காந்திருக்கா. கேட்டா எரிஞ்சு விழறா. நீ சொன்னா கேப்பா ஆர்டிஸ், கொஞ்சம் சொல்லேன்."

"சொல்றேன் டுவெயின்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அடுத்த முறை அவள் வந்தபோது, "உன் வீட்டுக்காரர் ரொம்பக் கவலைப்படறார். கல்யாணம் முடியட்டும், அப்புறம் வேணுங்கிறதச் சாப்பிட்டுக்கலாம்" என்றேன். இதைவிடப் பக்குவமாக யார் சொல்லியிருப்பார்கள்?

செப்டம்பரில் தேவாலயப் படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். நான்தான் காரில் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அந்த மருத்துவர் அம்மாள் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். "உடம்புல உப்புச் சத்தெல்லாம் எறங்கிக் கெடக்கு. ஒழுங்கா சாப்பிடலைன்னா இதயம் எப்ப வேணா நின்னுடும். நீங்க அக்கா, பக்கத்துல இருந்து பாத்துக்கங்க" என்றார். தலையாட்டினேன். என்ன சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாளையும் பத்திரமாக மடித்து வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழி முழுக்கச் சோளக்காடு. கொரின் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முழங்கை குச்சியாகத் தெரிந்தது. திடீரென்று கேட்டாள்.

"ஆர்டிஸ், நெசமாச் சொல்லு. கேலி பண்ணாம சொல்லு. நான் குண்டாத் தெரியறேனா?"

சின்ன வயதில் இடிச் சத்தத்துக்குப் பயந்து என் கட்டிலில் வந்து படுத்துக்கொள்வாளே, அந்தக் குரல்.

"நான் என்னத்தச் சொல்றது? கோட்டப் போட்டுப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

இதில் ஒரு பொய்கூட இல்லை, கவனியுங்கள். மறுநாள் காலை ஏழாவது முறையாகப் பிடித்தேன்.

அக்டோபர், கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை கடைசியாகப் போட்டுப் பார்க்க வந்தாள். மேல் பட்டன் போட்டாள். இரண்டாவது பட்டனைத் துளைக்குக் கொண்டுவர மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்தபடியே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அப்படியே சரிந்து விழுந்தாள்.

ஊரே வந்தது அடக்கத்துக்கு. "பெரியம்மா, அம்மா அவ்வளவு ஆசைப்பட்டாளே, அந்தக் கோட்டையே போட்டு அனுப்பலாம்" என்று பிரிட்டா அழுதாள். சரி என்றேன். ஏழு முறை பிடித்ததையும் பிரித்து, பழைய அளவுக்கே தைத்தேன். கடைசியாகப் போடுவது சரியான அளவில் இருக்க வேண்டாமா? பெட்டியில் கிடத்தியபோது கோட்டு அவள் மேல் விரிப்பு மாதிரி கிடந்தது. புதன்கிழமைக் குழுவின் லவோன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு ஒல்லியா, அழகா இருக்கா பாரு" என்றாள். சிலரை என்ன செய்தும் திருத்த முடியாது.

பிரிட்டா மட்டும் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டில் பட்டன் சேரவில்லை என்று முந்தைய முறை போட்டுப் பார்த்துவிட்டு வந்து அம்மா அழுதது அவளுக்குத் தெரியும். அன்று சேராத கோட்டுக்குள் இப்போது இன்னொரு ஆள் நுழையலாம் போலிருந்தால் எந்தப் பெண்ணுக்கும் சந்தேகம் வரும். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் கேட்க வந்தது அதுவல்ல என்று தெரியும். நடையை எண்ண அவள் கையில் கட்டியிருந்த கடிகாரம் இதயத்துடிப்பையும் குறித்து வைத்திருக்கிறது. பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு விழுந்திருக்கிறாள். பத்து இருபத்தொன்று வரை துடிப்பு இருந்திருக்கிறது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது பத்து இருபத்துமூன்றுக்கு. நடுவில் அந்தப் பதினொரு நிமிடம் என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள்.

கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தால் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து, கழுத்திலிருந்து அடிவரை வெட்டித் தள்ளுவார்கள். என் கணவருக்கு அப்படித்தான் செய்தார்கள். அந்தத் துணி இனிக் கிடைக்காது. ஒரு கையை மடக்கி, தோளைத் தூக்கி, ஒரு தையலும் விடாமல், ஒரு இழையும் இழுபடாமல் எடுப்பதற்கு நேரம் ஆகும். அவளும் ஒத்துழைக்கவில்லை, ஒரு முறை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

பெட்டியைத் தோண்டி எடுக்க நீதிபதியிடம் அனுமதி கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். எடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அன்றைக்கு என்னையும் கூப்பிடுங்கள். உங்கள் ஆட்களுக்குப் பொறுமை இருக்காது, வெட்டிவிடுவார்கள். அவளுக்கு வலிக்காமல் கழற்ற என்னைவிட்டால் யாருக்குத் தெரியும்?