அர்த்தம் கேட்ட குற்றம்

ஆய்வுக்கூடத் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கி, அரங்கத்தையே தாங்குவதுபோல் அமர்ந்திருக்கும் முன்னாள் துறைத்தலைவர் அவர்களே! சமன்பாடுகளில் சஞ்சரிக்கும் சான்றோரே! அவர்களைப் பெற்ற பாவத்துக்காக இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

இன்று இக்கூடத்தின் இயக்குநராகும் என் தோழிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ஏனக்கா. ஏன்? எதற்கெடுத்தாலும் ஏன் என்பார்!

ஆய்வு மாணவியாக இருந்தபோது, நம் தலைவரின் வகுப்பில் எழுந்தார். "சார், அளக்கறதுக்கு முன்னாடி அந்தத் துகள் எங்க இருந்துச்சு?"

"கணக்குல விடை சரியா வருதில்ல? அப்புறம் அர்த்தம் எதுக்கும்மா?"

அர்த்தம் கேட்ட அடுத்த மாதமே உதவித்தொகை நின்றது. தலைவர் சிரிக்கிறார், பெருந்தன்மை! அக்காவின் தாயார் அன்று சிரிக்கவில்லை. "எங்கயோ இருக்கிற துகளத் தேடப்போயி, கையில இருந்த காசத் தொலைச்சிட்டியேடி!" என்றார். அதோ, மூன்றாம் வரிசையில் தலையாட்டுகிறார்.

அக்கா அஞ்சினாரா? அயர்ந்தாரா? சிறு கல்லூரியொன்றில் ஆசிரியையானார். உடைந்த நாற்காலிகள் கிடந்த நிலவறையில், சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, இரவல் கருவிகளால் ஒரு சோதனையை அமைத்தார். உடன் வேலை பார்த்த நானும் கம்பி பிடித்தேன்.

ஒரே பிறப்பிடத்திலிருந்து இரண்டு ஒளித்துகள்கள் எதிரெதிர்த் திசையில் பறக்கும். நாம் அளக்கும்போது தரவேண்டிய விடைகளை அவை முன்பே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பி, வழியில் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பாமல் இருந்தால், இரண்டின் விடைகளும் ஒத்துப்போகும் அளவு ஒரு வரம்பைத் தாண்டாது. தாண்டாது என்றே அக்கா நம்பினார். அதை நிறுவத்தான் அத்தனை ஆண்டுகளும் உழைத்தார்.

தாண்டியது!

கருவியைக் கழற்றினோம், துடைத்தோம், மாட்டினோம். மீண்டும் தாண்டியது. கால் ஒடிந்த நாற்காலியில் அமர்ந்து அழுதார் அக்கா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் நினைச்சது தப்பு. நாமளே போய்ச் சொல்லிடலாம், வா."

இதே அரங்கில் சொன்னார். தலைவர் துள்ளி எழுந்தார். "நான் அப்பவே சொன்னேனே!"

"நீங்க கேக்காதன்னுதான் சார் சொன்னீங்க."

கைதட்டுகிறீர்கள், அன்று ஒருவரும் தட்டவில்லை. அன்பர்களே! விடை துகளின் பைக்குள் இல்லையென்றால் எங்கிருந்து வந்தது? அறிவோமா? அறியோம்! ஆனால் அறியோம் என்பதையே அறியாமல், கணக்குப் போட்டுக் காலம் தள்ளினோமே, அது அறிவா? கேள்வியைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பட்டம் சூட்டினோமே, அது ஆய்வா? தோற்கத் துணிந்து ஒருவர் கேட்டதால் அல்லவா, இயற்கை எப்படி இல்லை என்பதாவது நமக்குத் தெரிந்தது!

நேற்று இங்கே அக்காவின் முதல் வகுப்பு. பாதியில் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், நீங்க சொல்ற விளக்கத்த என்னால நம்ப முடியல."

அக்கா சுண்ணக்கட்டியை அவள் கையில் கொடுத்தார். முன்வரிசையில் போய் அமர்ந்தார். "சொல்லும்மா. கேக்கறேன்."

பொறுமையோடு செவிகொடுத்த பெரியோர்க்கும், என்னைப் பேசவிட்டுவிட்டு இப்போது வருந்தும் தலைவர்க்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!