சந்து விட்டுப்போன பத்திரம்

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்து சீட்டுக்காரரிடம் சட்டென்று கேட்டாள்.

"பத்திரக்கார அண்ணே, நாங்க வாங்குன வீட்டுக்குள்ள நான் பறந்தா போறது?"

"என்னத்தா ஆச்சு?"

"வீட்டுக்குப் போற சந்த பக்கத்து வீட்டுக்காரன் கதவு போட்டு அடச்சுப்புட்டான். பாத்தியம் இருந்தா பத்திரத்தக் காட்டுங்கிறான். பழைய பத்திரத்துல சந்து இருக்கு. நீங்க எழுதுனதுல இல்ல."

"பழசை ஏஐ-ல போட்டுத்தான் எழுதுனேன். அந்த வரிய அது விட்டுருச்சு போல."

"அது விட்டுச்சு, சரி. கையெழுத்துக்கு முன்னால எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுவீகளே, அத ஏன் விட்டீக? வாசிச்சிருந்தா சந்து எங்கன்னு அங்கனயே கேட்டிருப்பேன்ல?"

"கம்ப்யூட்டரு தப்பு பண்ணாதுன்னு இருந்துட்டேன்த்தா."

அனுமந்தன்பட்டி தாண்டியதும் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, பஸ்ஸே கேட்கும்படி வாசித்தாள்.

"'இப்பத்திரத்தை வாசிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டோம்.' சந்த விட்ட மிஷினு, நடக்காத இத மட்டும் விடாம எழுதிருக்கு பாருங்க!"